வாத்துப் பட்டிக்கு எழுதிய இரண்டாம் அறிக்கை

"சோதித்த ஆறு மருந்துகளுள் ஒன்றுக்கும் இக்கிருமி கட்டுப்படவில்லை" என்று என் கைப்பட எழுதி, ஒப்பமிட்டு, அலுவலக முத்திரையும் பதித்து ஒரு பெண்மணியிடம் கொடுத்தேன். தொண்ணூறுகளின் நடுவில், பங்குனி மாதத்துப் புதன்கிழமை ஒன்றின் நண்பகல் அது. அவ்வரியை எழுதும்போது எனக்கு ஐயம் எதுவும் இருக்கவில்லை. உண்மையை மறைக்காமல் சொன்னால், உள்ளூரச் சிறிது பெருமிதம்கூட இருந்தது.

அக்காலத்தில் நான் திருநெல்வேலியில் கால்நடை நோய்களை ஆராயும் சிறியதோர் ஆய்வுக்கூடத்தின் பொறுப்பில் இருந்தேன். இரண்டு அறைகள், ஒரு குளிர்ப்பெட்டி, கிருமிகளை வளர்க்கும் வெப்பப்பெட்டி ஒன்று, நான், என் உதவியாளர். எங்கள் உடைமையும் படையும் அவ்வளவே. மாட்டின் பால், ஆட்டின் சீழ், கன்றின் சாணம், இறந்த கோழியின் ஈரல் என்று எங்கள் ஆற்றுப் பள்ளத்தாக்கின் பல ஊர்களிலிருந்தும் எங்களுக்கு மாதிரிகள் வரும். அவற்றிலுள்ள கிருமியைத் தனியே பிரித்து வளர்த்து, எந்த மருந்துக்கு அது அடங்கும், எதற்கு அடங்காது என்று கண்டு சொல்வது எங்கள் பணி.

முறை எளியது. கடற்பாசியிலிருந்து எடுத்த அகாருடன் ஊட்டப் பொருள்களைச் சேர்த்துக் காய்ச்சிய கூழை வட்டமான கண்ணாடித் தட்டில் ஊற்றி உறையவிட வேண்டும். அதன் மேற்பரப்பில் கிருமியைச் சீராகத் தடவி, மருந்து தோய்ந்த சிறு தாள் வில்லைகளை இடம்விட்டு வைக்க வேண்டும். ஓரிரவு கழித்துப் பார்த்தால் தட்டெங்கும் கிருமி வெண்படலமாகப் படர்ந்திருக்கும். மருந்து வென்ற இடத்தில் மட்டும் வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம் ஒன்று தோன்றியிருக்கும். வட்டம் அகன்றிருந்தால் அம்மருந்தை நம்பலாம். சுருங்கியிருந்தாலோ, தோன்றவே இல்லையென்றாலோ, கிருமி அம்மருந்தை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொண்டது என்று பொருள். வட்டத்தின் விட்டத்தை அளவுகோலால் அளந்து, இன்ன ஊர், இன்ன விலங்கு, இன்ன மருந்து என்று பெரிய குறிப்பேடு ஒன்றில் எழுதிவருவேன். எவரும் பணிக்காத வேலை அது. கிருமிகளின் எதிர்ப்பாற்றல் பள்ளத்தாக்கில் எங்கே தொடங்கி எங்கே பரவுகிறது என்பதை ஒருநாள் வரைபடமாக்கிக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

அப்பெண்மணி முதன்முதலாக வந்தது திங்கட்கிழமை காலையில். நாற்பது வயதை ஒட்டியவர். கல்லிடைக்குறிச்சிக்கு அப்பால், பிசானப் பருவத்து நெல் அறுவடை முடிந்த வயல்களில் தம் தம்பியோடு வாத்து மேய்ப்பவர். உரச்சாக்கு ஒன்றை என் மேசையருகே வைத்து அவிழ்த்தார். உள்ளே இறந்த வாத்துகள் மூன்று இருந்தன.

"டாக்டரய்யா, வெள்ளிக்கெழம நாலு செத்துது. சனிக்கெழம பதினொண்ணு. இன்னைக்கு வெடியக்காலம் பட்டியத் தொறந்தா இருவத்தாறு கெடக்கு. வெள்ளையாக் கழியுது, கழுத்தத் தொங்கப் போடுது, பொத்துன்னு விழுந்துருது."

"மொத்தம் எத்தனை வாத்துகள்? என்ன மருந்து கொடுத்தீர்கள்?"

"ஆயிரத்துக்குக் கொஞ்சம் கொறைய. உரக்கடையில மஞ்சப் பொடி தருவாவ, அதத்தான் தண்ணியில கலக்கிக் குடுக்கேன். சீக்கு வந்தாலும் குடுப்பேன், வராட்டாலும் குடுப்பேன். வருசம் முச்சூடும் குடுக்கேன்."

மஞ்சள் பொடி என்று அவர் சொன்னது டெட்ராசைக்ளின். அளவின்றி, நாளின்றி, நோயின்றிக் கொடுக்கப்படும் மருந்து கிருமிகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிறது. கொஞ்சங் கொஞ்சமாக வாங்கிப் பழகி, ஒருநாள் அவை அதனோடு வாழவே தேர்ந்துவிடுகின்றன. வாத்துகளின் ஈரலிலிருந்து ஈகோலை என்னும் கிருமி தூய்மையாக வளர்ந்தது. செவ்வாய்க்கிழமை வில்லைகளை வைத்தேன். புதன்கிழமை காலை பார்த்தபோது ஆறு மருந்துகளைச் சுற்றியும் வட்டங்கள் சுருங்கியோ மறைந்தோ கிடந்தன. அறிக்கையை எழுதினேன்.

வாங்கிக்கொண்ட அவர் அதைப் படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"அப்ப ஒண்ணுமே கேக்காதா?"

"நான் சோதித்தவற்றுள் எதுவும் கேட்காது அம்மா."

தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகினார். "அப்ப வெள்ளிக்கெழம மத்தியானம் லாரிய வரச் சொல்லீரலாம். கறிக்கு ஏத்துத யாவாரி இருக்காவ. உசுரோட நிக்கதையெல்லாம் அள்ளிட்டுப் போயிருவாவ."

"அதன்பின் நீங்கள் என்ன செய்வீர்கள்?"

"செங்கச் சூளைதான். ஏழு வருசம் அங்கன மண்ணு சொமந்தேன். இந்த வாத்து வாங்கித்தான் அங்கேருந்து வெளிய வந்தேன். இது போனா மறுபடி அங்கனதான் போயி நிக்கணும்." அழவில்லை. வாயிற்படியில் நின்று, "நீங்க ரேடியோப்பொட்டியில பேசுதாப்ல பேசுதியளே, அதுல நல்ல சேதியும் வருமேன்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் பெருமிதத்துக்குக் காரணம் இருந்தது. அந்த நான்கு வாரங்களாக எங்களிடம் வந்த எல்லா மாதிரிகளும் இதே கதையைத்தான் கூறின. பாளையங்கோட்டைப் பசுவின் மடிநோய், சேரன்மாதேவி ஆட்டின் சீழ்க்கட்டி, ஆத்தூர்க் கோழிப்பண்ணை எல்லாவற்றிலும் கிருமிகள் ஏறத்தாழ எல்லா மருந்துகளையும் எதிர்த்தன. பள்ளத்தாக்கு முழுவதும் இந்த ஆபத்து சூழ்ந்துவிட்டது என்றும், அதை முதலில் கண்டவன் நான் என்றும் கருதினேன். சென்னையில் நடக்கவிருந்த கருத்தரங்குக்கு என்று கட்டுரை ஒன்றைப் பாதிக்குமேல் எழுதியும் வைத்திருந்தேன். அதன் தலைப்புக்கு மட்டும் மூன்று நாள் செலவிட்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் புதன்கிழமை பிற்பகலில் எஞ்சியிருந்த ஒரு தட்டை அளக்க எடுத்தேன். மேற்கு மலையின் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் ஆறு நாள் முன்பு பிறந்த கன்று ஒன்றின் சாணத்திலிருந்து வளர்த்த கிருமி அது. கன்றுக்கோ அதன் தாய்க்கோ எந்நாளும் ஊசியோ மருந்தோ போட்டதில்லை என்று மாதிரியோடு வந்த கடிதத்தில் தெளிவாக எழுதியிருந்தார்கள். மாசற்ற மலைக்கிருமி எப்படியிருக்கும் என்று கட்டுரையில் ஒப்பிட்டுக் காட்டுவதற்காக நானே வேண்டிப் பெற்ற மாதிரி.

அத்தட்டிலும் வட்டங்கள் சுருங்கியிருந்தன. ஆறும்.

 மருந்தையே காணாத கன்றின் வயிற்றில், மருந்துகள் அனைத்தையும் வெல்லும் கிருமி எங்கிருந்து வந்தது? குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். மாசி மாதத்தின் பெரும்பகுதியில் வட்டங்கள் சில அகன்றும் சில குறுகியும், இயற்கைக்கு உரிய ஏற்றத்தாழ்வோடு இருந்தன. குறிப்பிட்ட ஒரு நாளுக்குப் பின் எல்லாமே குறுகிவிட்டன. பசு, ஆடு, கோழி, வாத்து என்ற வேறுபாடே இல்லை. பள்ளத்தாக்கின் கிருமிகள் அனைத்தும் ஒரே நாளில் கூடிப் பேசி முடிவெடுத்தாற்போல் இருந்தது. கிருமிகள் அவ்வாறு செய்வதில்லை. அந்நாளில் மாறியது என் கூடத்துக்குள் இருந்த ஏதோ ஒன்று.

வில்லைகளைச் சரிபார்த்தேன். மாசியில் பயன்படுத்திய அதே புட்டிகள். வெப்பப்பெட்டியின் சூடு சரியாக இருந்தது. கடைசியாகத் தட்டைக் கையில் எடுத்து நிறுத்துப் பார்ப்பதுபோல் ஏந்தினேன். கனத்தது. கத்தியால் கூழில் ஒரு துண்டை அறுத்து, அளவுகோலின் அருகே செங்குத்தாக நிறுத்தினேன். நான்கு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய கனம் ஒன்பது இருந்தது.

உதவியாளரை அழைத்தேன். கல்லிடைக்குறிச்சிக்காரர், என் வயதே ஆனவர். அவர் வீட்டார் கல்யாணங்களுக்குச் சமைப்பவர்கள். விடுமுறை நாள்களில் அவரும் பந்தி பரிமாறப் போவார்.

"ஒரு தட்டுக்கு எவ்வளவு கூழ் ஊற்றுகிறீர்?"

"என்ன சார் இப்பிடிக் கேக்கிய? நெறைய ஊத்துதேன். குத்தம் சொல்ல முடியாது."

"எவ்வளவு என்று கேட்டேன்."

"அளவெல்லாம் யாரு பாத்தா? விளிம்புக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும். எலையில பாயசம் ஊத்தும்போது அடி தெரியும்படி ஊத்துனா எந்திச்சுப் போயிருவாவல்லா? கை சுருக்காம ஊத்தணும் சார்."

"முன்பு மெல்லியதாகத்தானே ஊற்றினீர்?"

அவருக்கு முகம் மாறியது. "அதுக்குத்தான் நீங்க என்னைய ஏசுனிய. மறந்துட்டியளா? மாசிக் கடைசியில வெயில் தாங்காம தட்டெல்லாம் காஞ்சு வெடிச்சுப் போச்சு. 'என்னய்யா இது, தண்ணி காணாத கொளம் மாதிரி இருக்கு'ன்னு மாதிரி கொண்டாந்தவிய முன்னால கேட்டிய. அன்னையிலேருந்து நெறைச்சுத்தான் ஊத்துதேன். பொறவு ஒண்ணாச்சும் வெடிச்சுதா? நீங்களே 'தட்டு நல்லாருக்கு'ன்னு சொன்னியளா இல்லையா?"

சொன்னேன். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. வில்லையிலுள்ள மருந்து பக்கவாட்டில் மட்டும் பரவுவதில்லை, கீழ்நோக்கியும் இறங்குகிறது. கூழ் தடித்தால் மருந்து ஆழத்தில் கரைந்து நீர்த்துவிடும், மேலே வட்டம் குறுகும். மாணவனாக இருந்தபோதே நான் கற்ற பாடம் இது. என் சுடுசொல்லும் அவருடைய பந்திக் கையும் சேர்ந்து, நான்கு வாரங்களாக ஒரு பள்ளத்தாக்கின் மேல் பழி சுமத்தியிருந்தன.

ஆயினும் இது அதுவரை என் ஊகம் மட்டுமே. கூழ் தடித்ததால் வட்டம் சிறுத்தது என்பது சரி. வாத்தின் கிருமி உண்மையிலேயே எதிர்ப்பாற்றல் உடையதாகவும் இருக்கலாமே? இதைத் தெளிவிக்க, எந்த மருந்துக்கு எவ்வளவு வட்டம் தரும் என்று முன்னரே அறியப்பட்ட ஒப்பீட்டுக் கிருமி ஒன்று வேண்டும். ஒவ்வொரு சோதனையோடும் அதையும் வளர்த்துப் பார்ப்பதே முறை. எங்களிடமிருந்த ஒப்பீட்டுக் கிருமி மார்கழியில் குளிர்ப்பெட்டி பழுதானபோது இறந்துவிட்டது. புதிது பெற வேண்டும் என்று நாள்தோறும் நினைத்தேன், பெறவில்லை. உதவியாளர் கூழை நிறைத்து ஊற்றியது அறியாமல் நேர்ந்தது. ஒப்பீட்டுக் கிருமி என்னும் அளவுகோலைத் தொலைத்துவிட்டு அளந்தது நான் அறிந்தே செய்த பிழை.

அன்று மாலையே மிதிவண்டியை எடுத்துக்கொண்டு மருத்துவக் கல்லூரிக்குச் சென்றேன். அங்கே நுண்ணுயிரியல் துறையில் இருந்த பேராசிரியை கண்டிப்புக்குப் பெயர்பெற்றவர். 'கன்ட்ரோல்' என்று அவர்கள் சொல்லும் ஒப்பீட்டுக் கிருமியைக் கேட்டேன்.

"மாட்டு ஆஸ்பத்திரிக்கு எங்க கன்ட்ரோல் எதுக்கு சார்? உங்ககிட்ட இல்லையா?"

"இறந்துவிட்டது."

"எப்போ?"

"மார்கழியில்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இப்போ பங்குனி. அப்ப மூணு மாசமா கன்ட்ரோல் வைக்காமலா ரிப்போர்ட் குடுத்துக்கிட்டு இருக்கீங்க?"

ஆமென்றேன். அவர் எழுந்து குளிர்ப்பெட்டியைத் திறந்தார். கிருமி வளர்ந்திருந்த சிறு குழாயைப் பஞ்சடைப்போடு கொடுத்து, "இதையாவது சாகடிக்காம வச்சுக்குங்க" என்றார். அந்த ஏளனம் எனக்குத் தகும். குழாயைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மிதிவண்டியை மேடுபள்ளம் பார்த்து ஓட்டி வந்தேன்.

வாத்துக்கார அம்மாவுக்குச் செய்தி சொல்ல வேண்டுமே. உதவியாளர் நாள்தோறும் தொடர்வண்டியில் ஊர் திரும்புபவர். மறுசோதனை முடியும்வரை வாத்துகளை விற்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லியனுப்பினேன். வியாழக்கிழமை காலை மறுமொழியோடு வந்தார்.

"வெள்ளிக்கெழம லாரி வார வரைக்கும் பொறுக்கேன், அதுக்கு மேல ஒரு நாழி முடியாதுன்னாவ சார். நேத்து நாப்பத்தொண்ணு செத்துருக்கு. குழி தோண்டத் தம்பி ஒருத்தன் கை போதலையாம்."

உடனே வேலையைத் தொடங்கினோம். இருபத்தைந்து மில்லி அளவுக்குக் கூழை அளவுருளையில் எடுத்துத் தட்டில் ஊற்றச் சொன்னேன். உதவியாளர் முதல் தட்டை ஊற்றிவிட்டு வெட்கத்தோடு என்னைப் பார்த்தார்.

"அளந்து ஊத்துதது நம்ம கைக்குப் பழக்கமே இல்ல சார். கல்யாண வீட்டுச் சம்பந்திக்குத் தெரிஞ்சா சண்டைக்கு வருவான்."

"இந்தப் பந்தியில் உண்பவை கிருமிகள். அவை குறை சொல்ல மாட்டா."

"சரி, காஞ்சு வெடிச்சா?"

அதுவே என் கவலையும். அவரே வழி சொன்னார். வெப்பப்பெட்டியின் அடித்தட்டில் அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால், இட்டிலிக் கொப்பரையில் போல உள்ளே ஈரம் நிற்கும், தட்டு காயாது என்றார். வைத்தோம். ஒரு தட்டுகூட வெடிக்கவில்லை. நான் வைதபோதே காரணம் கேட்டிருந்தால் மாசியிலேயே அந்தத் தண்ணீர்ப் பாத்திரம் வந்திருக்கும்.

பிற்பகல் மூன்று மணிக்குத் தடித்த தட்டுகள் இரண்டிலும் மெல்லிய தட்டுகள் இரண்டிலும் கிருமிகளைத் தடவினோம். ஒவ்வோர் இணையிலும் ஒன்றில் ஒப்பீட்டுக் கிருமி, மற்றொன்றில் வாத்தின் கிருமி. வில்லைகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். கிருமி வளர ஆகும் நேரத்தை எவராலும் சுருக்க முடியாது. பதினெட்டு மணி நேரம் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு வெப்பப்பெட்டியைத் திறந்தேன். முதலில் ஒப்பீட்டுக் கிருமியின் மெல்லிய தட்டு. அளவுகோலை வைத்தேன். ஆறு வட்டங்களும் நூலில் சொன்ன எல்லைக்குள் ஒழுங்காக நின்றன. அதே கிருமி தடித்த தட்டில் ஆறிலும் சுருங்கிக் கிடந்தது. ஊகம் உறுதியாயிற்று. பிறகு வாத்தின் கிருமி. எடுக்கும்போதே உதவியாளர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கத்திவிட்டார்.

"சார்! எங்க ஊரு அப்பளம் எண்ணெயில விரிஞ்சாப்ல விரிஞ்சிருக்கே!"

மஞ்சள் பொடிக்கு மெல்லிய தட்டிலும் வட்டமே இல்லை. வேறு மூன்று மருந்துகளுக்கும் இல்லை. ஊசியாகப் போட வேண்டிய ஒரு மருந்துக்கு நல்ல வட்டம் இருந்தது, ஆனால் நூற்றுக்கணக்கான வாத்துகளைப் பிடித்து நாளுக்கு இருமுறை ஊசி போடுதல் இயலாது. ஆறாவது, சல்பாவும் டிரைமெத்தோபிரிமும் சேர்ந்த மருந்து. தீவனத்தில் கலந்து கொடுக்கத்தக்கது. அதைச் சுற்றி அகன்ற, கண்ணாடிபோல் தெளிந்த வட்டம்.

இரண்டாம் அறிக்கையை எழுதினேன். "முன்னர் அளித்த அறிக்கை பிழையானது. அது நீக்கப்படுகிறது" என்பது அதன் முதல் வரி. கடைத்தெருவில் மருந்தை வாங்கிக்கொண்டு, வாத்துக் கிருமியின் தட்டுகள் இரண்டையும் மூடி அசையாமல் ஒட்டுநாடாவால் பலமுறை சுற்றி, நெகிழிப் பையிலிட்டு ஒரு டப்பாவுக்குள் வைத்து, உதவியாளரோடு பேருந்து ஏறினேன். சேரன்மாதேவியில் பேருந்து நின்ற பத்து நிமிடங்களில் பத்து முறை கடிகாரத்தைப் பார்த்திருப்பேன்.

வயலை அடைந்தபோது லாரி முன்னரே வந்து நின்றது. மூங்கில் கூண்டுகள் ஏறத்தாழப் பத்து மேலே ஏறிவிட்டன. வியாபாரி வரப்பில் குடை பிடித்து நின்றார், நன்கு வாழ்ந்த உடம்பு. எங்களைக் கண்டதும் வாத்துக்கார அம்மா நடந்து வந்தார். நான் வரப்பிலேயே நின்று சொன்னேன்.

"அம்மா, புதன்கிழமை நான் கொடுத்த அறிக்கை தவறு. கேட்கும் மருந்து ஒன்று இருக்கிறது. கொண்டுவந்திருக்கிறேன்."

முதலில் சிரித்தவர் வியாபாரிதான். "என்ன டாக்டரே, புதன்கெழம ஒரு சீட்டு, வெள்ளிக்கெழம ஒரு சீட்டு! ஞாயித்துக்கெழமைக்கும் ஒண்ணு எழுதி வச்சிருக்கியளா? ஏலே, கூண்ட ஏத்துலே. வெயில் ஏறுது."

"பைய இருங்க அண்ணாச்சி" என்றார் அம்மா. என் பக்கம் திரும்பினார். "எப்பிடித் தப்பாச்சு?"

நான் வாய் திறப்பதற்குள் உதவியாளர் முந்திக்கொண்டார். "நாந்தான் தாயி. தட்டுல கூழக் கூட ஊத்திட்டேன்."

"கூழு கூடுனதுக்கா எம் வாத்தையெல்லாம் ஏத்தச் சொன்னிய?"

வியாபாரியின் ஆள்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். டப்பாவைத் திறந்து, நெகிழிப் பையோடு தட்டுகள் இரண்டையும் வெயிலுக்கு எதிரே உயர்த்திப் பிடித்தேன். விளக்க முயலவில்லை. பார்க்கும்படி மட்டும் சொன்னேன். அவர் கையைக் குடையாக நெற்றியில் வைத்து அண்ணாந்து பார்த்தார்.

"ரெண்டும் ஒரே பூச்சியா?"

"ஒரே பூச்சி. உங்கள் வாத்தின் பூச்சி. வெண்மையாகத் தெரிவது அதுதான். மருந்து அதைக் கொன்ற இடம் வெறுமையாக இருக்கும்."

"இங்கன பெரிய வட்டம். அந்தத் தட்டுல இதே மருந்து சிறுசா இருக்கு."

"ஆம். அந்தத் தட்டில் கூழ் தடிமன், ஆகவே மருந்து ஆழத்துக்குள் போய்விட்டது. அதை நம்பித்தான் நான் தவறாக எழுதினேன்."

"மஞ்சப் பொடி எது?"

காட்டினேன். அவர் இரண்டு தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். வியாபாரி ஏதோ சொன்னார், அது அவர் காதில் விழவில்லை.

"ரெண்டுலயும் இதுக்கு வட்டமே இல்ல" என்றார் மெதுவாக. "ஒட்டுனாப்ல வளந்து நிக்கி. இதயா வருசம் முச்சூடும் குடுத்தேன்?"

"ஆம் அம்மா."

"இது பொய் சொல்லல்ல. எங்கண்ணால பாக்கேன்." சேலை முந்தியை உதறிச் செருகிக்கொண்டு லாரியை நோக்கி நடந்தார். "அண்ணாச்சி, ஏத்துனத எறக்கச் சொல்லுங்க."

"இந்தா, வெளையாடுதியா? வந்த லாரி சும்மா போகுமா?"

"சும்மா போவட்டும். செத்துதுன்னா எம் வாத்து சாவுது. ஒங்களுக்கு என்ன வே?"

'வே' என்று சமவயதுக்காரனை விளிப்பதுபோல் அவர் சொன்னதும் வியாபாரியின் குடை ஒரு பக்கம் சாய்ந்தது. அவரிடம் எவரும் அப்படிப் பேசியதில்லை போலும். கூண்டுகள் இறங்கின.

அடுத்த தடையைத் தீர்த்தவரும் அவரே. வயலெங்கும் நீர் தேங்கியிருக்கும்போது மருந்து கலந்த தண்ணீரை வாத்து எதற்குக் குடிக்கும்? "பட்டிய மேட்டுக்கு மாத்திக் காலையில வெளிய விடாம வச்சா பசியில கெடக்கும். தவிட்டுல பெசஞ்சு வச்சா மண்ணோட நக்கிரும்" என்றார். நான் நான்கைந்து வாத்துகளைத் தொங்கு தராசில் நிறுத்து, எடைக்கு ஏற்ற மருந்தைக் கணக்கிட்டேன். ஐந்து நாள் முழுமையாகக் கொடுக்க வேண்டும் என்றும், அந்நாள்களிலும் அதன்பின் நான் சொல்லும்வரையிலும் முட்டைகளை விற்கலாகாது என்றும் சொன்னேன்.

"சாவு நின்னுட்டா நிறுத்திரலாம்லா?"

"நின்றாலும் ஐந்து நாள். பாதியில் நிறுத்தினால் இந்த வட்டமும் சுருங்கத் தொடங்கும்."

"சரி, அஞ்சுன்னா அஞ்சு. முட்டையக் குழியில போடுதேன். ஆனா மூணாஞ் சீட்டு எழுதிறாதிய."

பிறகு ஒவ்வொரு காலையும் உதவியாளர் ஊரிலிருந்து எண்ணிக்கையைக் கொண்டுவந்தார். சனிக்கிழமை முப்பத்தெட்டு.  ஞாயிறு பத்தொன்பது. திங்கள் ஆறு. செவ்வாய் ஒன்று. புதன்கிழமை அவர் கூடத்தின் வாசலுக்கு வரும் முன்பே, சாலையிலிருந்தபடியே இரு கைகளையும் விரித்துக் காட்டினார். ஒன்றுமில்லை! ஓர் அரசு அலுவலகத்தின் முற்றத்தில், நடு வயதைக் கடந்த இருவர் ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு சிரித்ததை அவ்வழியே போன பலரும் பார்த்தார்கள்.

அந்த வாரத்தில் செய்த மற்ற வேலைகளையும் சொல்லிவிட வேண்டும். குறிப்பேட்டில் நான்கு வார அளவுகள் அனைத்தையும் சிவப்பு மையால் அடித்தேன். அந்த நாள்களில் அறிக்கை பெற்ற ஒவ்வொருவருக்கும் அது செல்லாது என்று கடிதம் எழுதி, குளிர்ப்பெட்டியில் காத்துவைத்திருந்த கிருமிகளை மீண்டும் சோதித்தேன். பாதி எழுதிய கட்டுரையைக் கிழித்துப் போட்டேன். ஒவ்வொரு நாளும் முதல் வரியில் ஒப்பீட்டுக் கிருமியின் அளவு, அது எல்லைக்குள் இருந்தால் மட்டுமே அடுத்த வரி என்று விதி வகுத்தோம். அவ்விதியின்படி வளர்ந்த குறிப்பேட்டிலிருந்துதான் பின்னர் உண்மையான படம் எழுந்தது. மஞ்சள் பொடி தாராளமாகப் புழங்கிய பட்டிகளிலும் பண்ணைகளிலும் கிருமிகள் அதை எதிர்த்தன. மலைக்கன்றின் கிருமியோ எல்லா மருந்துக்கும் பணிந்தது. நான் முதலில் எழுதிய பேரழிவைவிட இந்தச் செய்தி சிறியது. ஆயினும் எவர் வந்து அளந்தாலும் மாறாதது. அதை எழுதி அனுப்பியபோது, தலைப்புக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மருந்து முடிந்த மறுநாள் வயலுக்குச் சென்றேன். பட்டி பிரிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. மேய்ச்சல் தீர்ந்துவிட்டது, வாத்துகளைச் சாலைக்கு அப்பாலுள்ள வயல்களுக்கு ஓட்டப் போகிறார்கள். எஞ்சியவை எழுநூற்றுக்கும் மேல். கழுத்துகள் நிமிர்ந்திருந்தன. காதைத் துளைக்கும் கூச்சல். அம்மா மூங்கில் கழியோடு பின்னால் வந்தார், தம்பி முன்னால் நடந்தார்.

"டாக்டரய்யா, சூளைக்காரன் ஆள் அனுப்பியிருந்தான், வாரியான்னு."

"என்ன சொன்னீர்கள்?"

"எனக்கு நேரமில்லன்னு சொல்லுன்னேன்."

வாத்துகள் வரப்பிலிருந்து வழிந்து தார்ச்சாலையில் இறங்கின. அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த பேருந்து வளைவில் தோன்றி ஒலியெழுப்பியது. நான் சாலையின் நடுவே போய் நின்று கையை உயர்த்தினேன். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

"யோவ், பெரிய மனுசரே! வழிய விடும்! எம்புட்டு நேரமாவும்?"

"அனைத்தும் கடக்கும்வரை" என்றேன்.

பேருந்தின் சன்னல்கள் தோறும் முகங்கள் எட்டிப் பார்த்தன. ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். பழுப்பும் வெள்ளையுமாக அந்தக் கூட்டம் என் இரு பக்கமும், என் கால்களை உரசிக்கொண்டு, ஒன்றும் விழாமல், ஒன்றும் பின்தங்காமல் மறுபக்கத்து நீருக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. கடைசி வாத்தும் இறங்கும்வரை என் கையை நான் தாழ்த்தவில்லை.